கூட்டாட்சியில் மூதவை உறுப்பினர்

தூத்துக்குடிக்குத் தெற்கே, திருச்செந்தூர்ச் சாலையில் அமைந்துள்ள முத்தையாபுரத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் சேர்ந்தோர், தம் வாழ்க்கைக்குப் பெரும்பாலும் உப்பளத்தையும் துறைமுகத்தையும் கடலையும் நம்பியிருப்பவர். இம்மூன்றன்மேலும் சட்டம் இயற்றும் உரிமை எவரிடத்து உளது என்று வினவுவார்க்கு, இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணை விடை கூறும். உப்பு மத்தியப் பட்டியலில் 58-ஆம் இனமாக நிற்கின்றது. பெருந்துறைமுகம் அப்பட்டியலிலேயே 27-ஆம் இனம். தூத்துக்குடியோ 1974-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பெருந்துறைமுகம் எனப்பட்டது. ஆள்புலக் கடலுக்கு அப்பாற்பட்ட மீன்பிடி 57-ஆம் இனம். கரையை ஒட்டிய நீரில் நடைபெறும் மீன்பிடி மட்டுமே மாநிலப் பட்டியலில் 21-ஆம் இனமாக எஞ்சியுள்ளது. கடலடியிற் கிடக்கும் விலைமதிப்புடைய பொருள்கள் 297-ஆம் விதியின்படி மத்திய அரசின் உடைமை. அரசினர் நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டமையின், முத்துக்கு உரியவர் யாவர் என்னும் வழக்கு இக்காலத்தில் எவரையும் வருத்துவதன்று.

இங்ஙனம் ஒரு சிற்றூரின் மூன்று தொழிலும் தொலைவிலுள்ள தலைநகரைச் சார்ந்து நிற்பதாயின், அத்தலைநகரில் அம்மாநிலத்தின் பொருட்டுப் பேசுவார் ஒருவர் வேண்டுமன்றோ? வாக்காளர் நேரே தெரிந்தெடுக்கும் மக்களவை உறுப்பினர் உளர் எனலாம். ஆயின் அவர் ஒரு தொகுதியின் மக்களுக்குப் பிரதிநிதியாவர்; மாநிலம் என்னும் அமைப்பிற்கு அல்லர். இவ்விரண்டும் ஒன்றல்ல என்னும் எண்ணத்திலிருந்தே கூட்டாட்சி நாடுகளில் இரண்டாம் சபை தோன்றிற்று. அதன் அங்கத்தினரைச் செனட்டர் என்பது பல நாட்டு வழக்கு. முதியோர் என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி வந்த பெயர் அது. மூதவை உறுப்பினர் என்று தமிழிற் கூறின் இழுக்கில்லை.

இவ்வமைப்பின் முன்மாதிரி ஐக்கிய அமெரிக்க நாடு. 1787-ஆம் ஆண்டில் பிலடெல்பியாவிற் கூடியவர், மக்கட்டொகைக்கு ஏற்ப இடம் வேண்டுமென்ற பெரிய இராச்சியங்களுக்கும், சமமாக இடம் வேண்டுமென்ற சிறிய இராச்சியங்களுக்கும் நடுவே ஓர் உடன்பாடு கண்டனர். கீழ்ச்சபை தொகைக்கேற்ப அமையும். மேற்சபையில் இராச்சியம் ஒவ்வொன்றுக்கும் இருவர். கலிபோர்னியாவுக்கும் இருவர், வையோமிங்குக்கும் இருவர். முதலில் இவர்களைத் தெரிந்தெடுத்தவை இராச்சியங்களின் சட்டசபைகளே. 1913-ஆம் ஆண்டின் 17-ஆம் திருத்தம் அவ்வுரிமையை வாக்காளரிடம் ஒப்புவித்தது. வெளிநாட்டு உடன்படிக்கை எதுவும் அச்சபையில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைந்தாலன்றிச் செல்லாது. முதல் உலகப் போரை முடித்த வெர்சேல்சு உடன்படிக்கையையே 1919-லும் 1920-லும் அச்சபை ஏற்க மறுத்துவிட்டது. இச்செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் நம் கடற்கரையைப் பற்றிப் பேசுங்கால் இது பயன்படும். ஆஸ்திரேலியாவில் ஆறு இராச்சியங்களுக்கும் பன்னிருவர் வீதம் சமமாகவே இடம். கனடாவிலோ செனட்டர்கள் தேர்தலின்றி நியமனம் பெற்று 75 வயதுவரை வீற்றிருப்பர். ஆதலின் அங்கு அச்சபைக்கு மதிப்பு உண்டு, வலிமை குறைவு.

இனி நம் நாடு. 1947-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அரசியல் நிர்ணய சபையில் இரண்டாம் சபை வேண்டும் என்று முன்மொழிந்தவர் தஞ்சை மாவட்டத்திற் பிறந்த ந. கோபாலசாமி ஐயங்கார். நிதானமான விவாதத்துக்கு ஓரிடம் வேண்டும், உணர்ச்சிவேகத்தில் எழும் சட்டங்களைச் சிறிது தாமதிக்க வேண்டும், ஆயினும் அச்சபை அரசாங்கத்துக்கு முட்டுக்கட்டை ஆகலாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். மாநில உரிமையைக் காக்கும் அரண் என்பதனைவிட, அவசரத்தைத் தடுக்கும் கடிவாளம் என்னும் எண்ணமே அதில் மேலோங்கி நின்றது. இவ்வேறுபாட்டின் விளைவை இன்றுவரை காண்கின்றோம்.

மாநிலங்களவை 1952 ஏப்ரலில் அமைக்கப்பெற்று, மே 13-ஆம் நாள் முதன்முறை கூடிற்று. அதன் முதல் தலைவர் திருத்தணியிற் பிறந்து சென்னைக் கிறித்துவக் கல்லூரியிற் பயின்ற டாக்டர் இராதாகிருஷ்ணன் என்பதை மிஷன் கல்லூரி மாணவர் அறிந்து மகிழலாம். இச்சபைக்கு உறுப்பினர் 250-க்கு மேற்படலாகாது. இப்போது இடங்கள் 245. அவற்றுள் 233 தேர்தலால் நிரம்புவன. எஞ்சிய பன்னிருவர் இலக்கியம், விஞ்ஞானம், கலை, சமூகத் தொண்டு இவற்றிற் சிறந்தோராய்க் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுவோர். இந்நியமனத்தை வெறும் அலங்காரம் என்று எள்ளுவோர் உளர். ஆனால் 1952-இல் நியமனம் பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல், விலங்குகளுக்கு இழைக்கும் கொடுமையைத் தடுக்கத் தாமே ஒரு மசோதா கொணர்ந்தார். 1960-ஆம் ஆண்டுச் சட்டம் அம்முயற்சியின் வழி வந்ததாகும்.

சபை ஒருபோதும் கலைவதில்லை. உறுப்பினரின் காலம் ஆறு ஆண்டு; இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் விலகுவர். தமிழ்நாட்டுக்கு இடம் 18. உத்தரப் பிரதேசத்துக்கு 31; கோவா, சிக்கிம் முதலியவற்றுக்கு ஒவ்வொன்று. முதல் ஐம்பது இலட்சம் மக்களுக்குப் பத்து இலட்சத்துக்கு ஓர் இடம், அதற்கு மேல் இருபது இலட்சத்துக்கு ஓர் இடம் என்பது அரசியலமைப்பை வகுத்தோர் கைக்கொண்ட கணக்கு. அமெரிக்கச் சமத்துவத்தையும் விடுத்து, முழு மக்கட்டொகைக் கணக்கையும் விடுத்து, நடுவே நின்றுவிட்டனர்.

தேர்தல் முறை சற்றுச் சிக்கலானது. வாக்களிப்போர் மாநிலச் சட்டசபையின் தெரிந்தெடுக்கப்பட்ட உறுப்பினரே. ஒவ்வொருவரும் வேட்பாளரை ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்ப வரிசைப்படி குறிப்பர். தமிழ்நாட்டுச் சட்டசபையில் 234 உறுப்பினர். ஆறு இடங்களுக்குத் தேர்தல் நடைபெறுங்கால், 234-ஐ ஏழால் வகுத்து, அதனின் மிகுந்த முழு எண்ணைக் கொள்ள 34 ஆகும். அத்தனை முதல் விருப்ப வாக்குப் பெற்றவர் வென்றவராவர். எனவே 34 உறுப்பினரைக் கொண்ட ஒரு சிறுபான்மைக் கட்சியும் ஒருவரை அனுப்ப வல்லது. பெரும்பான்மையே அனைத்தையும் வாரிக்கொள்ளாதபடி செய்யும் இம்முறை இவ்வமைப்பின் நல்லியல்புகளுள் ஒன்று என்பது எம் கருத்து.

அதிகாரத்தை நோக்குவாம். பண மசோதாவைப் பொறுத்தவரை இச்சபை பதினான்கு நாளுக்குள் தன் கருத்தை உரைக்கலாம். மக்களவை அதனைக் கொள்ளினும் கொள்ளும், தள்ளினும் தள்ளும். சாதாரண மசோதாவில் இருசபையும் முரண்படின் கூட்டுக் கூட்டம் நடத்தலாம். அங்கே 543 பேருக்கு முன் 245 பேர் எம்மட்டு? அங்ஙனம் கூடி முடிவு செய்தது 1961, 1978, 2002 ஆகிய ஆண்டுகளில் மும்முறையே. ஆனால் அரசியலமைப்புத் திருத்த மசோதாவுக்குக் கூட்டுக் கூட்டம் என்பது கிடையாது. ஒவ்வொரு சபையும் தனித்தனியே, வந்து வாக்களிப்போருள் மூன்றில் இரண்டு பங்கால் நிறைவேற்றியே தீரவேண்டும். மேற்சபையின் முழு வலிமையும் இங்கேதான் வெளிப்படும்.

1970 செப்டம்பரில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். பழைய சமஸ்தான மன்னர்க்கு அளித்துவந்த மானியத்தை ஒழிக்கும் திருத்த மசோதா மக்களவையில் நிறைவேறி மாநிலங்களவைக்கு வந்தது. ஆதரித்தோர் 149, எதிர்த்தோர் 75. மொத்தம் 224-இல் மூன்றில் இரண்டு பங்கு 149-உம் மூன்றில் ஒன்றும் ஆகும். ஒரு மனிதனின் மூன்றில் ஒரு கூறு குறைந்தமையால் மசோதா வீழ்ந்தது! மறுஆண்டில் 26-ஆம் திருத்தத்தால் மானியம் ஒழிந்தது வேறு செய்தி. 1989-இல் ஊராட்சி பற்றிய திருத்தமும் இவ்வாறே இச்சபையில் தோற்று, பின்னர் வேறு வடிவில் 1992-இல் நிறைவேறி, 1993-இல் நடைமுறைக்கு வந்தது.

மாநிலங்களவைக்கே தனியாக உரிய அதிகாரம் 249-ஆம் விதியிலும் 312-ஆம் விதியிலும் காணப்படும். பின்னையது அகில இந்தியப் பணிகளைத் தோற்றுவிப்பது பற்றியது. முன்னையதை நம் கரையின் தொழிலாலேயே விளக்கலாம். கரையோர மீன்பிடி மாநிலப் பட்டியலில் உள்ளது என்றோம். தேச நலன் கருதி அதன்மேல் பாராளுமன்றம் சட்டம் இயற்றுதல் தக்கது என்று மாநிலங்களவை மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் தீர்மானிப்பின், ஓராண்டு வரை அவ்வதிகாரம் மத்திய அரசைச் சேரும். தீர்மானத்தைப் புதுப்பிக்கவும் கூடும். மாநிலச் சட்டசபையைக் கேட்கவேண்டுவதில்லை. மாநிலத்தின் வாயிற்கதவுக்குத் திறவுகோல் ஒன்று செய்து அதனை இச்சபையின் கையிற் கொடுத்திருக்கின்றனர். அது காவலன் கையிலுள்ள திறவுகோலா, அன்றி வேறா என்பது அக்கையைப் பொறுத்தது.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 1974 ஜூன் திங்களில் இந்தியாவும் இலங்கையும் பாக்குநீரிணைப் பகுதியில் கடல் எல்லை வகுத்தன. கச்சத்தீவு அப்பால் சென்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழ்நாட்டுச் சட்டசபை அதனை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் வேண்டுகோளாகவே நின்றது. உடன்படிக்கை செய்தல் மத்திய நிர்வாகத்தின் அதிகாரமாதலின், நம் மாநிலங்களவைக்கு அமெரிக்கச் செனட்டுக்குள்ள இசைவுரிமை இல்லை. ஒரு வழி மட்டும் இருந்தது. நாட்டின் நிலப்பகுதியைப் பிறநாட்டுக்குக் கொடுப்பதாயின் அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும் என்று 1960-இல் பெருபாரி பற்றிய கருத்துரையில் உச்ச நீதிமன்றம் உரைத்திருந்தது. திருத்தம் எனின் மாநிலங்களவையின் மூன்றில் இரண்டு பங்கு இன்றியமையாதது. ஆனால் கச்சத்தீவின் உரிமை முன்பே வழக்குக்கு உட்பட்டிருந்தது, ஆதலின் எல்லை வரையறுத்ததேயன்றிக் கொடுத்தது ஒன்றுமில்லை என்பது மத்திய அரசின் நிலை. அந்நிலையை ஏற்றவுடன் திருத்தத்தின் தேவை மறைந்தது. அதனோடு செனட்டரின் வாக்கும் மறைந்தது.

இரண்டாம் உடன்படிக்கை நமக்கு இன்னும் அண்மையது. 1976 மார்ச்சு 23-ஆம் நாள் கையெழுத்தான அது மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை வகுத்தது. அதாவது, முத்துப்பார்கள் நிறைந்த நம் வளைகுடாவே அதன் பொருள். அதனோடு பரிமாறிய கடிதங்கள் ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டு நீரில் மீன்பிடித்தலை விலக்கின. அந்நாளில் தமிழ்நாட்டில் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றுதற்கும் ஒரு சட்டசபை இல்லை. அவ்வாண்டு ஜனவரி 31-ஆம் நாள் மு. கருணாநிதியின் மந்திரிசபை நீக்கப்பட்டு, சட்டசபை கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி ஏற்பட்டிருந்தது. நாடெங்கும் நெருக்கடி நிலை வேறு.

அதன் பின் 1977 ஜனவரி 18-ஆம் நாள் மக்களவையும் கலைந்தது. அப்போதிருந்த நிலையை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டில் சட்டசபை இல்லை. டெல்லியில் மக்களவை இல்லை. இம்மாநிலத்தின் பெயரால் தேர்தல் பெற்று டெல்லியில் எஞ்சியிருந்த பிரதிநிதிகள் மாநிலங்களவை உறுப்பினரே. கலையாத சபை எதற்கு என்று வினவுவார்க்கு இதனினும் சிறந்த விடை கிடைப்பதரிது. ஆயின் அச்சபை செய்தது என்ன? பிப்ரவரி 28-ஆம் நாளும் மார்ச்சு முதல் நாளும் தனியே கூடி, தமிழ்நாட்டிலும் நாகாலாந்திலும் குடியரசுத் தலைவர் ஆட்சியை நீட்டித்தது. 356-ஆம் விதி அதற்கு இடந்தந்திருந்தது. சட்டத்தில் பிழை காணல் இயலாது. மாநிலங்களின் சபை என்று பெயர் பூண்ட ஒன்று, ஒரு மாநிலம் தன் சட்டசபையின்றி இன்னும் சிலகாலம் இருக்கட்டும் என்று தானே இசைந்ததை மட்டும் மாணவர் மறத்தலாகாது. 1977 ஜூனில் தேர்தல் நிகழ்ந்து, 30-ஆம் நாள் எம். ஜி. இராமச்சந்திரன் மந்திரிசபை பதவியேற்றது.

சட்டசபை கலைந்திருப்பின் மற்றுமோர் இடர் உண்டு. வாக்களிப்போரே இல்லாமையால் வெற்றிடங்கள் நிரம்பா. ஜம்மு காஷ்மீரின் நான்கு இடங்களும் 2021 பிப்ரவரியில் வெற்றாகி, நான்கு ஆண்டுகளுக்கு மேல் அங்ஙனமே கிடந்து, 2025 அக்டோபரில்தான் நிரம்பின. கலையாத சபையும் இவ்வாறு ஓரத்தில் கரையக்கூடும்.

கடலுக்கு அக்கரையில் வேறொரு கதை நிகழ்ந்தது. சோல்பரி அரசியலமைப்பின்படி 1947-இல் இலங்கைக்கு முப்பதின்மர் கொண்ட செனட்டுச் சபை அமைந்தது. பதினைவரைக் கீழ்ச்சபை தெரிந்தெடுக்க, பதினைவரை மகாதேசாதிபதி நியமித்தார். இலங்கையோ கூட்டாட்சி அன்று. அச்செனட்டர்க்குப் பின்னால் மாகாணம் எதுவும் நிற்கவில்லை. கூட்டாட்சி வேண்டிய தமிழரசுக் கட்சியின் மு. திருச்செல்வம் அச்சபை வாயிலாகவே 1965 முதல் 1968 வரை ஸ்தல ஸ்தாபன அமைச்சராய் இருந்தார் என்பது வியப்புக்குரியது. 1971 அக்டோபரில் அச்சபை ஒழிக்கப்பட்டது. அதனைத் தமக்குரியது என்று பற்றிக்கொள்ள ஒரு மாகாணமேனும் இருந்திருப்பின், அத்துணை எளிதில் ஒழிந்திராது என்று எண்ண இடமுண்டு.

இனி உறுப்பினர் மாநிலத்துக்கு உரியவரா, கட்சிக்கு உரியவரா என்னும் வினா. 1962-இல் காஞ்சிபுரம் சட்டசபைத் தேர்தலில் தோற்ற சி. என். அண்ணாதுரை மாநிலங்களவைக்கு அனுப்பப்பட்டார். அவ்வாண்டு மே முதல் நாள் அவர் ஆற்றிய கன்னிப் பேச்சு திராவிட நாட்டின் சுயநிர்ணய உரிமையை எடுத்துரைத்தது. அக்கோரிக்கை பின்னர்க் கைவிடப்பட்டது. ஆயினும் ஒரு மாநிலத்தின் மாறுபட்ட கருத்தைத் தலைநகர் நேர்முகமாகக் கேட்பதற்கே இச்சபை என்பதை அந்நாள் காட்டிற்று. சென்னை இராச்சியத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்னும் மசோதாவை இதே சபையில் கொணர்ந்தவர் தமிழர் அல்லர். வங்காளத்தினரான பூபேஷ் குப்தா. 1963-இல் அதனை ஆதரித்து அண்ணாதுரை பேசினார். மசோதா தோற்றது, 1969 ஜனவரி 14-ஆம் நாள் பெயர் வந்தது.

பிற்காலத்து மாறுதல்கள் இரண்டு இந்நிலையைத் தளர்த்தின. 1985-ஆம் ஆண்டின் 52-ஆம் திருத்தம் கட்சித் தாவலைத் தடுத்தது, நன்றே. ஆனால் கட்சிக் கொறடாவின் ஆணைக்கு மாறாக வாக்களிப்பவர் இடத்தை இழப்பர் என்றும் அது விதித்தமையின், தம் மாநிலத்தின் நலன் ஒருபுறமும் கட்சியின் ஆணை ஒருபுறமும் இழுக்குங்கால் உறுப்பினர்க்கு வழியில்லை. 2003-இல், வேட்பாளர் அந்தந்த மாநிலத்தின் வாக்காளராக இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை நீக்கப்பட்டது; நாட்டின் எத்தொகுதி வாக்காளரும் எம்மாநிலத்துக்கும் உறுப்பினராகலாம். குல்தீப் நய்யார் தொடுத்த வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், மாநிலத்தில் வசித்தல் கூட்டாட்சிக்கு இன்றியமையாத இயல்பன்று என்று அச்சட்டத்தை நிலைநிறுத்தியது. தீர்ப்பை மதித்தே ஒன்று கூறுவோம்: உப்பளத்தின் வெயிலை அறியாதார் உப்பைப் பற்றிப் பேசலாம், ஆனால் அவரை அனுப்பியவர் அவர் பேச்சில் என்ன கேட்பர்? செர்மானிய நாட்டின் மேற்சபை முறை இதற்கு நேர்மாறானது. அங்கு மாநில அரசுகளின் மந்திரிகளே சென்று அமர்ந்து, தம் மாநிலத்தின் வாக்கு அனைத்தையும் ஒருசேர அளிப்பர்.

எனினும் நம் உறுப்பினர் மாநிலத்தை மறந்தேவிட்டனர் என்பது நியாயமாகாது. 2016 ஆகஸ்டு 3-ஆம் நாள் சரக்கு சேவை வரித் திருத்தம் இச்சபையில் 203 வாக்குகளால் எதிர்ப்பின்றி நிறைவேறியபோது, மாநிலத்தின் வரி உரிமை குறையும் என்று கூறி அ.தி.மு.க. உறுப்பினர் வெளிநடப்புச் செய்தனர். எதிர்த்து வாக்களித்திருக்கலாகாதோ என்று கேட்கலாம். வெளிநடப்பு எதிர்ப்பின் அடையாளமேயன்றி எண்ணிக்கையில் ஏறுவதன்று. 2015-இல் தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா கொணர்ந்த திருநங்கையர், திருநம்பியர் உரிமை மசோதாவை இச்சபை ஏற்றது. தனி உறுப்பினர் மசோதா ஒன்று ஒரு சபையில் நிறைவேறுதல் அரிய நிகழ்ச்சி.

நம் துறைமுகத்தைப் பற்றிய செய்தியும் உண்டு. பெருந்துறைமுகங்களை அதிகார சபைகளின் கீழ்க் கொணரும் மசோதா 2021 பிப்ரவரி 10-ஆம் நாள் மாநிலங்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 84, எதிர்ப்பு 44. அச்சட்டத்தின்படி ஒவ்வொரு துறைமுக அதிகார சபையிலும் அத்துறைமுகம் அமைந்த மாநிலத்தின் அரசுக்கு ஓர் உறுப்பினர் இடம் உண்டு. அன்றைய விவாதம் உட்பட, 1952 முதல் இச்சபையில் நிகழ்ந்த பேச்சுக்கள் அனைத்தும் நாள்வாரியாக அச்சிடப்பெற்றுள்ளன. பொருளாதார, வரலாற்று வகுப்பு மாணவர் அவற்றுள் மூன்று நாட்களையேனும் எடுத்துப் படித்தல் நலம்: 1962 மே 1, 1977 பிப்ரவரி 28, 2021 பிப்ரவரி 10. தமிழ்நாட்டு உறுப்பினருள் யார் எழுந்தார், யார் வாளா இருந்தார் என்பது அங்கே எழுத்தில் உள்ளது.